வடக்கே பார்த்துப் படுத்த கார்

ஐம்பத்தெட்டாம் வருசம் ஆலங்குடியில் ஒரு கார் பெட்ரோல் குடிக்காமல் ஓடியது. புகை இல்லை, சத்தம் இல்லை. கேட்டால் மந்திரமாம். மந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஜோதியானந்த சாமி. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கடலைக்காட்டை அப்படியே போட்டுவிட்டுத் தேரடிக்கு வந்து நின்றது. கார் தினமும் ரெண்டு தெருவைச் சுற்றும். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்கு அடிதடி நடக்கும். அப்புறம் பிச்சைமுத்துவின் அரிசி மில்லுக்குள் போய் யோகநித்திரை. ஊரில் கரண்டு வந்திருந்த நாலைந்து கட்டடத்தில் அந்த மில்லும் ஒன்று. அதை யார் யோசித்தார்கள்?

சாமி அருள்வாக்கும் சொன்னார். கிணற்று ஆயில் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால் பத்து நாளில் மந்திரித்துத் தருவாராம், பிறகு சொட்டு எண்ணெய் வேண்டாமாம். மஞ்சள் குங்குமத்தோடு எஞ்சின்கள் மில்லில் வந்து இறங்கின.

எங்கள் ஊர் விவசாயி சோலையப்பனும் தன் கிணற்று எஞ்சினைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டார். அவர் பெண்சாதி அழகிக்கு வயிறு எரிந்தது. கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம். பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் வருசச் சோறு போச்சு. அந்த எஞ்சின் குரூடாயில் கிடைக்காத நாளில் கடலை எண்ணெய் ஊற்றினாலும் ஓடும். ஆனால் எதையாவது ஊற்றினால்தான் ஓடும், அது அவளுக்குத் தெரியும்.

நேராகச் சாமியிடம் போனாள். கூட்டத்துக்கு நடுவே விழுந்து கும்பிட்டு, கார் ஒரு ராத்திரி எங்கள் மாட்டுக்கொட்டிலில் தங்கவேண்டும் என்று கேட்டாள்.

“வாகனம் மில்லுல வடக்கே பார்த்துப் படுத்தாத்தாம்மா சக்தி ஏறும்.”

“எங்க கொட்டிலும் வடக்கே பார்த்ததுதாங்க சாமி.”

கூட்டம் உருகிப்போனது. சாமியால் தட்ட முடியவில்லை. ஊர்வலம் முடிந்து கார் மாடுகளோடு படுத்தது.

காலையில் மேளம், கற்பூரம். கார் ஒரு முழம் நகர்ந்து, முனகி, நின்றுவிட்டது. சாமி மந்திரத்தைக் கூட்டிப் பார்த்தார். பிறகு, கொட்டிலில் தீட்டு என்றார். அழகி பின்சீட்டைத் தூக்கினாள். அடியில் வரிசையாக லாரி பேட்டரி, பக்கத்தில் சுருட்டி வைத்த வயர்.

“தெனம் மில்லுல கரண்டு குடிச்ச காருங்க இது. ஒருநா பட்டினி போட்டேன், படுத்துருச்சு.”

சாமி புதுக்கோட்டை பஸ்ஸைத் தேடி ஓடினார். விடுவார்களா? பிடித்துக் கட்டிவைத்தார்கள். மில்லில் போய்ப் பார்த்தால் கொடுத்த எஞ்சினில் பாதியைக் காணோம், ஏற்கெனவே திருச்சியில் விலை போயிருந்தது. சோலையப்பன் சத்தமில்லாமல் ஸ்பேனரை உள்ளே வைத்தார்.

அந்தக் கார்மேல் எனக்குக் கோபமே இல்லை. கெட்டிக்கார வண்டி. எஞ்சின் குடிக்கிற எண்ணெயில் பெரும்பங்கைச் சூடாகவும் புகையாகவும் துப்பிவிடும். இது குடித்ததை அநேகமாக ஓட்டத்துக்கே கொடுக்கும். கரண்டு இல்லாத இடத்தில் மட்டும் சண்டித்தனம் பண்ணும். உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு நாங்களே மாலை போட்டிருப்போம். மந்திரம் என்றார், எஞ்சினையே கழற்றிக் கொடுத்தோம்.

எஞ்சின் ஓட எண்ணெய் வேண்டும், கார் ஓடக் கரண்டு வேண்டும். சாமியார் பிழைப்பு ஓட ஒன்றுமே வேண்டாம். நாம் யோசிக்காமல் இருந்தால் போதும்.