எலும்புக்கூட்டுக்கு முளைத்த கை

எலும்புக்கூட்டுக்குக் கை முளைத்திருந்ததைப் பார்த்ததும் பல் டாக்டருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இது என்ன?" என்றார், டார்ச் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தபடி.

"கை சார்," என்றார் மெக்கானிக், முகமெல்லாம் பெருமையாக. "இடது கை. ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சு. நானே செஞ்சு மாட்டிட்டேன்."

"கைன்னு தெரியுது. அது ஏன் இருக்கு?"

மெக்கானிக்குக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒருவருக்குக் கை ஏன் இருக்கிறது என்று இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இருவரும் நின்றுகொண்டிருந்தது பேய்க்குகைக்குள். அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவிலேயே மிகப் பழைய சவாரி அதுதான். இரண்டு பேர் உட்காரும் தகர வண்டி தண்டவாளத்தில் இருட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். வழியில் எலும்புக்கூடு எழுந்து நிற்கும், சவப்பெட்டி திறந்து மூடும், சூனியக்காரி சிரிப்பாள். கட்டிய நாளிலிருந்து அதற்கு எண்ணெய் போட்டு, போல்ட் முடுக்கி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர் மெக்கானிக். வேறு எந்த இயந்திரமும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் புதன்கிழமை இடி விழுந்தது. ஊழியர் கூட்டத்தில் முதலாளி எழுந்து, "பேய்க்குகை, எரிகல், இந்த ரெண்டுல ஒண்ணை இடிக்கப்போறோம்" என்றார். எரிகல் என்பது எதிரே போன வருடம் வந்த புதுச் சவாரி. ஆளைத் தூக்கித் தலைகீழாகச் சுழற்றி, வந்த வழியை மறக்கடித்து இறக்கிவிடும்.

மெக்கானிக்கால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து குகைக்கு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதன் சக்கரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து மச்சினன் வந்தான்.

"எதை இடிக்கிறதாம்?" என்று கேட்டார்.

"அது ரசிகர்கள் கைல இருக்கு மாமா. ஞாயித்துக்கிழமை ரெண்டு கோஷ்டியும் ரெண்டுலயும் ஏறிப் பார்த்துட்டு, எது உசத்தின்னு கை தூக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மாமா. முதலாளி பார்த்துப்பாரு," என்று சொல்லிவிட்டு மச்சினன் தன் செருப்பைப் பார்த்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. எரிகல்லை ஓட்டுகிறவன் அவன்தான். குடியிருப்பது மெக்கானிக் வீட்டு மாடியில். ஆக, இடிபடுவது எதுவானாலும் அந்த வீட்டில் ஒருவருக்கு வேலை போவது நிச்சயம். அன்று மாலை விஷயத்தைக் கேட்ட மனைவி, கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். நான் யாரு ஜெயிக்கணும்னு வேண்டிக்கிறது?"

"மாமாதான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கோக்கா," என்றான் மச்சினன் உடனே. "எனக்காக ஒண்ணும் வேண்டாத."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பையனைப் போய் இத்தனை வருடமாகச் சோம்பேறி என்று நினைத்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. தட்டில் இருந்ததில் பாதியை அவன் தட்டுக்குத் தள்ளினார்.

ரசிகர்கள் சங்கதி தனிக்கதை. அந்தப் பூங்காவின்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு கூட்டம் கைபேசியில் குழு வைத்து, பழைய சவாரியா புதுச் சவாரியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, வேலைவெட்டி எல்லாம் விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பழைய கட்சிக்குத் தலைவர் பல் டாக்டர். புதுக் கட்சிக்கு ஒரு வக்கீல்.

"ஆளைத் தலைகீழாப் புடிச்சு உலுக்குறதுக்குப் பேரு சவாரி இல்ல. வழிப்பறி," என்று டாக்டர் எழுதுவார்.

"பேய்க்குகையில எனக்கு ஒரே ஒரு பயம்தான் வந்துச்சு. வண்டி உடைஞ்சு விழுந்துடுமோன்னு," என்று வக்கீல் பதில் போடுவார்.

வக்கீலின் இந்த வாக்கியத்தை மச்சினன் படித்துக் காட்டியபோதுதான் மெக்கானிக்கின் தன்மானம் விழித்துக்கொண்டது. உடைந்து விழுமா? பார்த்துவிடலாம் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சனிக்கிழமைக்குள் குகை முழுவதையும் பழுது பார்த்து முடித்துவிட்டார். அதைப் பெருமையாகக் காட்டத்தான் பல் டாக்டரை அழைத்திருந்தார்.

டாக்டரோ எலும்புக்கூட்டின் முன்னால் இடிந்துபோய் நின்றார்.

"அந்த ஒத்தைக் கையிலதாங்க விஷயமே இருந்துச்சு. இன்னொரு கை எங்கேன்னு யோசிச்சுட்டே போவோம். அடுத்த வளைவுல அது நம்ம கழுத்துல விழும்னு பயந்துட்டே போவோம். இந்தக் குகையைக் கட்டினவன் சாதாரண ஆளு இல்லைங்க."

அந்தக் கையைப் பல வருடம் முன்பு ஒரு குறும்புக்காரக் குழந்தை பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டது என்பதை மெக்கானிக் சொல்லவில்லை.

"சரி, வண்டியை விடுங்க பார்ப்போம்," என்றார் டாக்டர். வண்டி வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. டாக்டரின் முகம் இன்னும் வெளுத்தது.

"கிரீச் சத்தம் எங்க?"

"எல்லாத்துக்கும் கிரீஸ் போட்டுட்டேன் சார்."

சூனியக்காரி கணீரென்று சிரித்தாள். டாக்டர் காத்திருந்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"இருமல்?"

"டேப்பு தேஞ்சு போய் அப்படிக் கேட்டுச்சு சார். புதுசு மாத்திட்டேன்."

"சிரிச்சு சிரிச்சுக் கடைசியில இருமுவா. சாகப்போற நேரத்துலயும் சிரிக்கறாளேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் முதுகு சில்லிட்டுப் போகும். இவ என்னடான்னா கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி சிரிக்கறா."

இரண்டாவது வளைவில் வண்டி வழக்கமாகச் சிக்கி நின்று, யோசித்து, பிறகு கிளம்பும். அந்தச் சிக்கலைச் சரிசெய்ய மெக்கானிக் ஒரு பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த மௌனத்தையும் எடுத்துட்டீங்களா? நாளைக்கு எங்க ஆளுங்க இதைப் பார்த்தா, அவங்களே எரிகல்லுக்குக் கை தூக்கிடுவாங்க."

டாக்டர் போன பிறகு மெக்கானிக் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் வெட்கப்பட்டு மறைத்ததையெல்லாம் ஜனங்கள் காசு கொடுத்து ரசித்திருக்கிறார்கள். சரிசெய்ததற்காக வேலை போகப்போகிறது.

மச்சினன் ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு அவரைவிட அதிர்ச்சி.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? நீங்க தோத்துட்டா என்ன ஆகறது?"

"உனக்கு நல்லதுதானே மாப்ள?"

"அப்படிச் சொல்லாதீங்க மாமா." அவர் கையைப் பிடித்து இழுத்தான். "எந்திரிங்க. ரிப்பேர் பண்ணினதை எல்லாம் பழையபடி கெடுத்துடலாம்."

கெடுப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று. வருடக்கணக்கில் தானாகக் கெட்டதை ஒரே நாளில் அதே பதத்துக்குக் கெடுக்க முடியவில்லை. கையைக் கழற்றினால் தோளும் சேர்ந்து வந்தது. தோளைப் பொருத்தினால் தலை ஆடியது. பழைய டேப்பைத் தேடி மச்சினன் குப்பைத் தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கி, எடுத்துக்கொண்டுதான் ஏறினான்.

ஞாயிறு காலை, சக்கரங்களின் கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மெக்கானிக் அச்சில் மணலைத் தூவினார். வண்டி கிரீச்சிட்டது.

"ரெண்டாவது வளைவுல நிக்கணுமே மாமா. இன்னும் ஒரு பிடி போடுங்க."

"போதும்டா."

"பத்தாது மாமா," என்று அவனே ஒரு பிடி அள்ளிப் போட்டான்.

அந்த வழியாக வந்த டிக்கெட் அக்கா நின்று பார்த்தாள். வாசல் கவுன்டரில் டிக்கெட் கிழிப்பவள். அவளுக்குத் தெரியாமல் பூங்காவில் ஒரு புறாகூடப் பறக்காது.

"ஜெயிக்கறதுக்கா அண்ணே இவ்வளவு பாடு?"

"பின்னே, தோக்கறதுக்கா?"

அவள் அவரையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாராட்டு எதற்கு என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

முதலில் எரிகல். புதுக் கட்சி விசிலடித்துக்கொண்டு ஏறியது. எரிகல் மெல்ல எழும்பியது, மெல்லத் திரும்பியது, யாருக்கும் நோகாமல் தலைகீழானது. தலைகீழாகத் தொங்கியபடியே ஓர் அம்மாள் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வக்கீல் ஏறும்போது வாரியிருந்த தலை, இறங்கும்போதும் அப்படியே இருந்தது.

"என்னப்பா ஆச்சு இதுக்கு?" என்றார் அவர், நம்ப முடியாமல்.

"பெல்ட்டு புதுசு சார். விரட்டக் கூடாது," என்றான் மச்சினன் பணிவாக.

பாவம், இன்றைக்கென்று அவனுக்கு நேரம் சரியில்லை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

அடுத்தது பேய்க்குகை. முதல் வண்டியில் பல் டாக்டரும் வக்கீலும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். வெளியேறும் கதவருகே முதலாளி நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு கட்சியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மெக்கானிக் குகையின் பின்பக்கச் சந்து வழியாக வண்டியின் கூடவே நடந்தார்.

கிரீச் சத்தம் பிரமாதமாக வந்தது. "ஆகா," என்றார் டாக்டர். எலும்புக்கூடு ஒற்றைக் கையோடு எழுந்தது. எழுந்த வேகத்தில் அதன் தலை கழன்று, வக்கீலின் மடியில் வந்து விழுந்தது.

வக்கீல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது புதுசா?" என்று கேட்டார் வக்கீல்.

"எனக்குத் தெரிஞ்சு இப்படி நடந்ததே இல்ல," என்றார் டாக்டர்.

சூனியக்காரி சிரித்து இருமத் தொடங்கினாள். வண்டி இரண்டாவது வளைவில் நின்றது. நின்றது நின்றதுதான். மணல் தன் வேலையைக் காட்டிவிட்டது. மோட்டார் உறுமிக் கருகல் வாடை வந்ததும், மெக்கானிக் பதறிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கெல்லாம் போயிற்று. இருமல் பாதியில் அறுந்தது. கும்மிருட்டு.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரே வழிதான் இருந்தது. தண்டவாளத்தில் இறங்கி, வண்டியின் பின்னால் போய்த் தள்ளவேண்டும். தட்டுத்தடுமாறிப் போய், தள்ளுவதற்குக் கம்பியைத் தேடிக் கையை நீட்டினார். கையில் அகப்பட்டது கம்பி இல்லை; வக்கீலின் பிடரி.

மண்ணெண்ணெயில் ஊறிச் சில்லென்றிருந்த அந்தக் கை பட்டதும் வக்கீல் போட்ட அலறலில் மெக்கானிக்கே அலறிவிட்டார். பின்னால் யாரோ அலறுவதைக் கேட்டு டாக்டர் அலறினார்.

"கை," என்று திக்கினார் வக்கீல். "கை, டாக்டர், கழுத்துல..."

"அந்தக் கையா?"

அதற்குள் மெக்கானிக் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். மூச்சு வாங்க, முனகிக்கொண்டே முழு பலத்தோடு தள்ளினார். வண்டி சரிவில் இறங்கி, கதவை முட்டித் திறந்துகொண்டு வெயிலுக்குள் பாய்ந்தது. அதில் வக்கீல் எலும்புக்கூட்டின் தலையைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வக்கீலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளியின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியதை அவரே கவனிக்கவில்லை. வக்கீலை இரண்டு பேர் பிடித்து இறக்கி, தண்ணீர் கொடுத்தார்கள். அவர் பிடரியைத் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியிருந்ததை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா அந்தக் கை எங்க போச்சுன்னு கேட்டுட்டிருந்தோமே," என்றார் மெதுவாக. "நமக்காக உள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கு."

பிறகு தன் கையைத் தூக்கினார், பேய்க்குகைக்காக. தலைவரே தூக்கியபின் தொண்டர்கள் சும்மா இருப்பார்களா? புதுக் கட்சி, பழைய கட்சி, அத்தனை கையும் உயர்ந்தது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார்.

குகை வாசலில் நின்று இதைப் பார்த்த மெக்கானிக், குகைச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேய்க்குகை பிழைத்துவிட்டது, தானும் பிழைத்துவிட்டோம் என்று மனம் விம்மியது. மச்சினன் பாய்ந்து வந்து அவரைத் தூக்கியே விட்டான். அவன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஜெயிச்சுட்டீங்க மாமா. நிஜமாவே ஜெயிச்சுட்டீங்க."

"அழாதடா மாப்ள. உனக்கும் ஏதாவது வழி பொறக்கும். நான் முதலாளிகிட்டப் பேசறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிகல் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டான். தன்மானம் உள்ள பிள்ளை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டிருந்தபோதே, டிக்கெட் அக்கா ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல உங்க சாமானை எல்லாம் எடுத்து வச்சுக்கங்கண்ணே. நாளைக்கே இடிக்கிற வண்டி வந்துடுமாம்."

"அது எரிகல்லுக்கும்மா," என்று சிரித்தார் மெக்கானிக். "ஜெயிச்சது நாமதானே."

"அதனாலதானேண்ணே? ஜெயிச்சதை இடிச்சுட்டு, ஆளே தேவைப்படாத மாதிரி கம்ப்யூட்டர் வச்சுப் பெருசாக் கட்டப்போறோம், தோத்ததுக்கு எதுக்குச் செலவு, அது இப்படியே ஓடட்டும்னு முதலாளி அன்னைக்குக் கூட்டத்துல சொன்னப்ப, முதல் ஆளாக் கை தட்டினதே உங்க மச்சினன்தானே."