தீமிதிக்கு ஒரு முதலுதவிக்காரன்

இந்த வருசம் தீ மிதிக்கிறதில்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன். சும்மா எடுத்த முடிவு இல்லை. குளிச்சு, திருநீறு பூசி, கண்ணாடி முன்னால நின்னு எடுத்த முடிவு. பொண்டாட்டிகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.

விசயம் இதுதான். போன வருசம் மலைக்குக் கீழ தாப்பா டவுனுக்கு லோரி ஓட்டிப் போன இடத்துல கொசு கடிச்சு, டெங்கி வந்து, ஆஸ்பத்திரியில ஆறு நாள் கிடந்தேன். டாக்டர் டிரிப்ஸ் போட்டாரு. எம் பொண்டாட்டி தவமலர் நேரா எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போயி, "தாயே, இவரு பொழச்சு வந்தா பூக்குழி இறங்குவாரு"ன்னு வேண்டிக்கிட்டா. நல்லா கவனிங்க. வேண்டுனது அவ. இறங்கப் போறது நான். அம்மனாவது "அந்தாளை ஒரு வார்த்தை கேட்டியாம்மா"ன்னு விசாரிச்சிருக்கலாம்.

நான் எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுறவன். காலை நம்பிப் பொழைக்கிறவன். சூடான கோப்பியையே ஆத்திக் குடிக்கிறவன். என்னைப் போயி நெருப்புல நடன்னா?

வழி தானா வந்துச்சு. கோயில் கூட்டத்துல தலைவர் ரெங்கசாமியண்ணே எந்திரிச்சாரு. எஸ்டேட் ஆபீசுல கணக்கெழுதி ரிட்டயர் ஆன கிராணி, அதனால எதையும் பேப்பர் பாத்துதான் பேசுவாரு. "இந்த வருசம் பூக்குழி பக்கத்துல முதலுதவி படிச்ச ஆள் ஒருத்தர் நிக்கணும். நிக்கிற ஆளு பூக்குழி இறங்கக் கூடாது. கவனம் செதறிடும்" அப்படின்னாரு.

எனக்குக் காதுல தேன் பாஞ்சுச்சு. மறுநாளே தானா ராத்தா டவுன்ல முதலுதவி சொல்லிக் குடுக்கிற நர்ஸ், மிஸ்ஸி விக்னேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"மூணு விதமா இருக்குங்க அண்ணே. ரெண்டு மணி நேரம்னா நெஞ்சை அமுக்குறது மட்டும். ஒரு நாள்னா ரத்தம், எலும்பு முறிவு, மயக்கம். ரெண்டு நாள்னா தீப்புண்ணு, வலிப்பு, தொண்டை அடைப்பு எல்லாம் சேத்து, கடைசியில டெஸ்ட் இருக்கு. உங்களுக்கு எது?"

"இருக்கிறதுலயே சின்னது குடுங்க மிஸ்ஸி."

தவமலர் பக்கத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "என்னங்க, நானும் வரவா?"

"உனக்கு எதுக்கு? இது உயிரைக் காப்பாத்துற வேலை. பொம்பளைங்க ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுவீங்க."

"சரிங்க."

அவ ஒரே தடவையில சரின்னு சொன்னா நான் உசாராகணும். அன்னைக்கு சந்தோசத்துல மறந்துட்டேன்.

சனிக்கிழமை போனேன். ரெண்டு மணி நேரம் ஒரு ரப்பர் பொம்மை நெஞ்சுல அமுக்கிட்டு, மீ கோரெங் சாப்பிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் தவமலர் ரெண்டு நாளைக்குக் குழம்பு வச்சிட்டு, ரிங்லெட்டுல இருக்கிற அக்கா பவளத்தைப் பாக்கப் போறேன்னு கிளம்புனா. நானும் நிம்மதியா டிவி பாத்தேன்.

அடுத்த கூட்டத்துல முதலுதவிக்கு நான் நிக்கிறேன்னு பேரு குடுத்தேன், ரெங்கசாமியண்ணே பேப்பரை எடுத்தாரு. "லோகேஸ்வரன், ஒரே ஒரு கேள்வி. பூக்குழியில ஒருத்தருக்குக் கால் வெந்து போச்சு. என்ன பண்ணுவ?"

பொம்மைக்குக் காலே கிடையாது. இருந்தாலும் நான் அசரல. "மொதல்ல டூத்பேஸ்ட் தடவுவேன். பத்தலைன்னா சமையல்ல ஊத்துற கறுப்பு சோயா கிச்சாப் ஊத்துவேன்."

கமிட்டியில பாதிப் பேரு சரிதான்னு தலையாட்டுனாங்க. அவங்க வீட்டுலயும் அதுதான் வைத்தியம். அப்ப பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு குரல்.

"இருவது நிமிசம் ஓடுற தண்ணியில காட்டணும். பேஸ்டும் வேணாம், கிச்சாப்பும் வேணாம். அது காலா, பொரிச்ச கோழியா?"

தவமலர். கையில சர்டிபிகேட். ரெண்டு நாள் கிளாஸ் சர்டிபிகேட். கமிட்டி கை தட்டுது. நானும் தட்டுனேன், வேற என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ரிங்லெட் போறேன்னியே?"

"போனேன். அக்காவைக் கூட்டிக்கிட்டு கிளாசுக்குப் போனேன். அவளும் பாஸ்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுந்தா அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். விழல. நீங்க தைரியமா இறங்குங்க. ஓரத்துல நான் நிக்கிறேன்ல."

காப்பு கட்டிட்டாங்க. திருவிழா சாயங்காலம். மஞ்ச வேட்டியோட வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னால மூணு பேரு. வெக்கை மூஞ்சில அடிக்குது. நாப்பத்தெட்டு வயசு ஆம்பளை, நிஜமாவே பயந்துட்டேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்? அந்த நேரத்துல ஒரு யோசனை வந்துச்சு. அப்படியே சாஞ்சு விழுந்துட்டேன்.

தவமலர் ஓடி வந்து தோளைத் தட்டுனா. "என்னங்க, கேக்குதா?"

கேக்கலை. குனிஞ்சு மூச்சு வருதான்னு பாத்தா. அவ படிச்ச படிப்பு வீணாகக் கூடாதுன்னு மூச்சையும் அடக்கிக்கிட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்.

"ரெங்கசாமியண்ணே, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. இவருக்கு மூச்சைக் காணோம். நான் அமுக்கப் போறேன். விலா எலும்பு ஒண்ணு ரெண்டு போனாலும் போகும், உயிர்தான் முக்கியம் லா."

உள்ளங்கை நெஞ்சுல உக்காந்துச்சு. இருவது வருசமா கத்திரி புடிச்சுக் கொழுந்து வெட்டுன கை அது. பொம்மை என்ன பாடு பட்டிருக்கும்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நான் துள்ளி எந்திரிச்சேன். எந்திரிச்ச வேகத்துல பூக்குழி ஓரத்துலயே போய் நிக்கிறேன். பின்னால ஊரே "தாயே, தாயே"ன்னு கத்துது. திரும்ப வழியில்லை. ஓடுனேன்.

இடது கால்ல ஒரே ஒரு கொப்புளம். தவமலர் என்னை உக்கார வச்சு, டியூப்பைப் புடிச்சு இருவது நிமிசம் தண்ணி விட்டா. மலைத் தண்ணி. நெருப்பே தேவலாம்னு இருந்துச்சு.

"மலரு, நிஜமாவே எனக்கு மூச்சு நின்னு போச்சுன்னு நெனச்சியா?"

"இமைக்குள்ள கண்ணு உருண்டுக்கிட்டு இருந்துச்சு. எந்தப் பொணத்துக்குங்க கண்ணு உருளும்?"

"தெரிஞ்சுமா அமுக்க வந்த?"

"எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? செத்தவரு பொழச்சிட்டாருன்னு எல்லாரும் அழுவுறாங்க. அம்மனுக்கு ஒண்ணும் செய்யாம விட்டா நல்லாவா இருக்கும்? அதான், இன்னும் மூணு வருசம் இறங்குவாருன்னு சத்தமா வேண்டிக்கிட்டேன். நீங்க அப்ப நெருப்புல ஓடிக்கிட்டு இருந்தீங்க, கேட்டிருக்காது."

ரெங்கசாமியண்ணே அதுக்குள்ள பூக்குழிப் பேப்பர்ல மூணு வருசத்துக்கும் என் பேரை எழுதி முடிச்சிருந்தாரு.