மோட்டர் போட்ட சத்தத்துக்கு நான் கொடுத்த வாக்குமூலம்

எனக்குப் பலகுரல் வராது. பள்ளிக்கூட நாடகத்தில் நாயாகக் குரைக்கச் சொன்னபோது, பார்த்திருந்தவர்கள் ஆடு என்றார்கள். வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் ஒரு சத்தத்தை அச்சொட்டாகச் செய்து காட்டினேன். அதற்காக ஒரு பகல் முழுக்கப் பொலிஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருக்க நேர்ந்தது.

சண்டை நடந்த காலம். நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, குண்டசாலையில் வாடகைக்கு வீடு எடுத்து மனைவியோடு இருந்தேன். எங்காவது குண்டு வெடித்தால், அடுத்த ஒரு கிழமைக்கு எங்களைப் போன்றவர்கள் தும்முவதற்கும் யோசிப்போம். பஸ்ஸில் நான் வாயே திறப்பதில்லை. காசை நீட்டித் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவேன். (நான் வாய் பேசமுடியாதவன் என்று நினைத்த நடத்துனர் ஒருநாள் இரக்கப்பட்டு முன்சீற்றில் இடம் எடுத்துத் தந்தார். மறுக்காமல் இருந்துகொண்டேன். வெட்கம்தான்.)

ஆகவே மின்சாரச் சைக்கிள் என்று ஒன்று வந்திருக்கிறது, அது சத்தமே போடாது என்று பத்திரிகை விளம்பரத்தில் கண்டபோது, எனக்கென்றே யாரோ அளவெடுத்துச் செய்தது போலிருந்தது.

எங்கள் சந்தியில் ஃபலீல் நானாவின் சைக்கிள் கடை இருந்தது (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்). வாசலில் டயர்கள் தொங்கும், உள்ளே ஒரு பல்ப் எரியும், நானா எண்ணெய்க் கையோடு தரையில் இருப்பார். அவரும் இரண்டு மின்சாரச் சைக்கிள்களை விற்பனைக்கு வைத்திருந்தார்.

"சந்தியிலை கடை இருக்கேக்கை ஏன் கொழும்புக்கு ஓடுறியள்? பழுதானா ஆர் பாக்கிறது?" என்று மனைவி கேட்டாள்.

"இது சைக்கிள் இல்லையப்பா, மிசின். அந்த மனுசன் ஒட்டுப் போடுற ஆள்" என்றேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. எல்லாம் தெரிந்திருந்தது.

கொழும்புக் கடைக்குக் கண்ணாடிக் கதவு. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர். தங்க எழுத்தில் உத்தரவாத அட்டை. அந்த அட்டையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் மாதம் சொர்க்கம். நானாவின் கடையடியால் போகும்போது கழுத்தைத் திருப்பாமல், நேரே பார்த்தபடி வழுக்கிக்கொண்டு போவேன். இரண்டாம் மாதம் ஆரம்பித்தது வினை. கிளம்பும்போது 'கர்ர்ர்', ஓடும்போது 'டிக், டிக், டிக்', நானாவின் கடை தாண்டி வரும் ஏற்றத்தில் 'டொக்'. முன்பு என்னைத் திரும்பியும் பார்க்காத தெருநாய்கள், இப்போது நேரம் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கின.

நானாவிடம் போக மானம் விடவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை, சந்தியிலிருந்த கொமினிகேஷனுக்குப் போனேன் (காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் கடையை அப்படித்தான் சொல்வோம்). சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, உத்தரவாத அட்டையிலிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றார்கள்.

மறுமுனையில் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார். தங்கமான மனிதர். அதுதான் பிழையாகப் போனது.

"சத்தம் எப்படி வருது சேர்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

"கர்ர்ர்... டிக், டிக், டிக்... டொக்!"

"விளங்கல்ல சேர். கொஞ்சம் பலமா."

கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து செய்தேன். கடை அமைதியானது. எனக்கே பெருமையாக இருந்தது.

"வயர் ஏதும் கழண்டு இருக்கா?"

"ரெட் வயரை நான் தொடவே இல்லை."

"பெட்டரி?"

"பற்றறி சீற்றுக்குக் கீழை கிடக்கு."

"எந்த நேரம் கூட வருது?"

"கிளொக் ரவரடியிலை, சனத்துக்கை ஸ்லோ பண்ணேக்கைதான்."

"அப்ப மோட்டரைக் கழட்டி அனுப்புங்க சேர், பாப்போம்."

"ஓம், பார்சல் பண்ணி ட்ரெயினிலை போட்டுவிடுறன்."

நான் தமிழில்தான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் வரிசையில் நின்ற, ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாத நாலு பேருக்கும் என் பேச்சில் விளங்கியவை இவை மட்டும்தான்: வயர், பற்றறி, சீற், கிளொக் ரவர், பார்சல், ட்ரெயின். இடையிடையே டிக், டிக், டிக், டொக்.

பேசி முடித்துத் திரும்பினால் வரிசையில் ஒருவருமில்லை. கடைக்காரப் பெண்ணையும் காணோம். (சனம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு விபரம்.) வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள்.

நிலையத்தில் இருந்த சார்ஜன் தலை நரைத்தவர், கத்தாதவர். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்தும் ஒன்றாகவில்லை. பெயர் கேட்டார், சொன்னேன். விலாசம் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார்.

"கிளாக்" என்றேன்.

அவர் காதில் அது 'கிளொக்' என்று விழுந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது. பின்னேரம் நாலு மணிக்குள், இந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒருவர் வந்து பொறுப்பு நின்றால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் கண்டிக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. அப்படிக் கொழும்புக்குப் போனவர்களில் சிலர் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேனே தவிர, அன்று பயந்ததுபோல் நான் பிறகு ஒருநாளும் பயந்ததில்லை.

யாரைச் சொல்வது? வீட்டுக்காரர் வெளிநாட்டில். கந்தோர் சனிக்கிழமை பூட்டு. செய்தி கேட்டு அழுதபடி ஓடிவந்த மனைவி பொறுப்பு நிற்க முடியாதாம். இரண்டு வருடமாக இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கப் பாடுபட்டு, அதில் முழு வெற்றி பெற்றிருந்தேன்.

மூன்றரை மணிக்கு ஃபலீல் நானா வந்தார், என் சைக்கிளை உருட்டிக்கொண்டு. சந்தியில் அதைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கி வைத்திருந்தார்களாம். "அட, இது நம்ம சத்தச் சைக்கிள்" என்று சொல்லி, அவர் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. அந்த நிலையத்துப் பொலிஸ்காரர்களின் சைக்கிள்கள் எல்லாம் அவர் ஒட்டுப் போட்டவை.

சார்ஜன் சிங்களத்தில் கேட்க, நானா தண்ணீர்பட்ட பாடாகச் சிங்களத்தில் பதில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

"இவரைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சேர். ரெண்டு மாசமா."

"பெயர்?"

நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பேரு தெரியாது சேர். சத்தம் தெரியும். காலைல ஏழே முக்காலுக்கு நம்ம கடையடியால போற. கிர்ர்ர்... டிக், டிக், டிக்... அந்த மேட்டுல டொக்."

அதைவிடச் சுத்தமாக என் மோட்டராலும் செய்ய முடியாது. ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் ஏறி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினார். அது எழுத்துக்கு எழுத்து அதையே சொன்னது. முற்றமே சிரித்தது.

நானா திருப்புளியின் நுனியைப் பின்சில்லு மோட்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "மோட்டர்ல ஒண்டும் இல்ல. அச்சுல போடுற வாசர் ஒண்டப் போடாமப் பூட்டி அனுப்பி ஈக்கிறாங்க. நட்டு லூஸ்."

'லூஸ்' என்பதற்குச் சார்ஜனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "மெயாகெத?" என்று என் தலையைக் காட்டிக் கேட்டார். இவருடையதா என்று.

நானா சாரத்து மடிப்பிலிருந்து ஒரு வாசரை எடுத்துப் போட்டு இறுக்கினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, சத்தம் நின்றுவிட்டது. நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். "என்னத்துக்கு மாஸ்டர் அழுவுறீங்க? இதச் செல்றதுக்கு ரெண்டு மாசமாக் கை காட்டின, நீங்க திரும்பியே பாக்கல்லயே" என்றார் நானா. (நான் வாத்தியார் இல்லை. திருத்தும் நிலையில் இல்லை.)

வாக்குமூலம் எழுதும்போது இன்னொரு சிக்கல். சத்தத்தை எப்படி எழுதுவது? 'கர்ர்ர்' என்றேன் நான், 'கிர்ர்ர்' என்றார் நானா. சார்ஜன் இரண்டையும் வாயால் சொல்லிப் பார்த்து, நானா பக்கம் தீர்ப்புச் சொல்லி எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் நானா பொறுப்பு நின்று வைத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், "இப்பயாவது பேரச் செல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பெயர், நாலு முழ நீளம். தலையாட்டினார், மறுநாளே மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில்லு வைத்த எதுவும் அவர் கைபடாமல் இருந்ததில்லை. சண்டை முடிந்து பல வருடம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழைத் தபாலில் போட்டிருந்தார். மனைவி அந்த உறையை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறாள், வருகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள். மேலே எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'டிக் டிக் மாஸ்டர் குடும்பம், குண்டசாலை.' தபால்காரர் ஓரிடத்திலும் விசாரிக்காமல், நேரே எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.