கண்ணாடிக் கடைக்காரர் போட்ட கையெழுத்து

இந்த வீட்டில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. யாருக்கும் பயப்படாமல் சொல்கிறேன். மனைவி குளித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான். ஆனால் நான் மட்டும் போட மாட்டேன். எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?

பள்ளிக்கூடம் முடித்த மகள், காலேஜ் வேண்டாம், கடையில் உட்காருகிறேன் என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான்தான் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. என் பெண்ணாவது மிதிக்க வேண்டாமா? தினமும் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம்தான்.

"படிச்சாதான்டி நாலு பேர் மதிப்பாங்க!"

"நீங்க படிக்கலையே. உங்களை யாரும் மதிக்கலையாப்பா?"

கோபத்தில் தட்டைத் தள்ளினேன். மனைவி அதை மறுபடி என் பக்கம் தள்ளினாள்.

"ஏங்க, உங்க ஆசைக்கு அவ எதுக்குப் படிக்கணும்?"

"ஆமா, ஆசைதான்! அப்ப வசதி இல்ல. இப்ப விட்டாலும் முதல் ஆளா போய் உக்காருவேன்!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மனைவி கடைக்கே வந்துவிட்டாள்.

"ஒருவழியா அவளைச் சம்மதிக்க வெச்சுட்டேன். ரெண்டு விண்ணப்பம். ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. கண்ணாடி எடுத்துத் தரவா?"

கடை நிறைய ஆட்கள். மானப் பிரச்சினை.

"எனக்கெதுக்குடி கண்ணாடி? எல்லாம் பளிச்சுன்னு தெரியுது!" என்று இரண்டிலும் கிறுக்கித் தள்ளினேன்.

மகளுக்குப் பகல் காலேஜில் இடம் கிடைத்தது. எனக்கு மாலைக் காலேஜில்.

"இது மோசடி! போகவே மாட்டேன்!"

"அப்ப நானும் போகலைப்பா. நீங்க சேர்ந்தா நான் சேர்றேன்னுதான் அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன்."

போனேன். ஆனால் பணிந்து போகவில்லை, முறைத்துக்கொண்டேதான் போனேன். புத்தகத்தைத் திறந்தால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. மறுநாள் மனைவி என் கடையிலேயே என்னை உட்காரவைத்து, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

நேற்று டிவி போட்டேன். மகள் வந்து அதை நிறுத்தினாள்.

"பரீட்சை வருதுல்ல? படிச்சாதான்ப்பா நாலு பேர் மதிப்பாங்க."

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? மறுபடியும் சொல்கிறேன், இந்த வீட்டில் என் பேச்சுதான்...

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறதே. ஐயோ, என் புத்தகம் எங்கே?