ஆளில்லா மைதானத்தின் ஆரவாரம்

வளைகுடாவில் லாட்டரி அடித்தவர்களையும் வில்லா வாங்கியவர்களையும்கூட நான் மன்னித்துவிட்டேன். என்னை நிரந்தரமாக வயிறெரிய வைத்த ஒரே மனிதர், நாங்கள் 'ஆரவாரம்' என்று பட்டப்பெயர் வைத்தவர்தான்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் பக்கத்து ஃபிளாட். யாழ்ப்பாணத்துக்காரர். விழாக்களுக்கு மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவரை, கொரோனா கிரிக்கெட் மைதானத்துக்குக் கொண்டுபோனது. ரசிகர்களை உள்ளே விடாமல் ஆட்டம் நடத்திய காலம் அது. காலி நாற்காலிகளின் சார்பில், பதிவுசெய்த கூச்சலை ஒலிபரப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. நாங்கள் மளிகைக்கடை வாசலில் இடைவெளி விட்டு நின்றபோது, இந்த மனிதர் ஓசியில் மேட்ச் பார்த்தார். அதற்குச் சம்பளம் வேறு!

ஒத்திகை எங்கள் மீதுதான். பால்கனியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, கீழே யார் எது செய்தாலும் பொத்தானை அழுத்துவார். என் மனைவி காய்கறிப் பையோடு வந்தால் பவுண்டரிக்கான கைதட்டல். வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்தினால் சிக்ஸர் முழக்கம். நான் காரை நிறுத்தினால் மட்டும், கேட்ச் தவறும்போது மொத்தக் கூட்டமும் போடும் 'அய்யய்யோ!'

"எனக்கு மட்டும் ஏங்க இப்படி?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. சனம் பொய் சொல்லாது. கார் கோணலா நிக்குது."

பிறகு, வெளியிலிருந்து தொற்று வராமலிருக்க, 'பபுள்' என்று அவரை ஒரு ஹோட்டலில் அடைத்தார்கள். அறை விட்டால் மைதானம், மைதானம் விட்டால் அறை. ஓயாமல் மூக்கில் பரிசோதனைக் குச்சி. ஆனால் வேளாவேளைக்குப் பிரியாணி. போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்.

அந்த வாரம்தான் என் மகளுக்குத் தொற்று. தனி அறை, மூடிய கதவு. "சாப்பிடாவிட்டால் அட்மிட் செய்ய வேண்டிவரும்" என்றார் டாக்டர். அட்மிட் என்றால் பிள்ளை தனியாகப் போகவேண்டும். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன்.

"ரெண்டு வாய் கஞ்சி குடிடா கண்ணு."

"வேணாம்ப்பா. ப்ளீஸ், லீவ் மீ."

விஷயம் தெரிந்து ஆரவாரம் அவளுக்கு போன் செய்தார். குரல் கதவைத் தாண்டிக் கேட்டது. "பிள்ளை, ஒரு கரண்டிக்கு ஒரு ரன். கிண்ணம் காலி எண்டால் சிக்ஸ். எனக்கு உடன சொல்லோணும்."

உள்ளே சிரிப்புச் சத்தம். எனக்கு நிம்மதிக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. பெற்றவன் நான், சிரிப்பு அவருக்கா?

அன்று மாலை ஹால் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வந்த பந்தை பேட்ஸ்மேன் தொடாமலே விட்டார். கீப்பர் பிடித்தார். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் மைதானம் சிக்ஸர் முழக்கத்தில் அதிர்ந்தது. பேட்ஸ்மேன் குழம்பிப்போய் வானத்தில் பந்தைத் தேடினார். வர்ணனையாளர் ரீப்ளே கேட்டார்.

நான் கதவுக்கு ஓடினேன். "சாப்ட்டியாடா?"

"ஃபுல்லா காலி, ப்பா! அங்கிளுக்கு இப்பதான் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்."

பொத்தான் வேலை அன்றோடு போயிற்று. மறுநாள் போனில் அவரே சொன்னார்: "கை தானாப் போயிட்டுது அண்ணை. இப்ப கேலரிக்குள்ள விழுற பந்துகளைப் பொறுக்கி, மருந்து போட்டுத் துடைக்க விட்டிருக்கினம்."

அதிலும் எனக்குப் பொறாமைதான். மேட்ச் பந்தைத் தொடுகிறாரே!

தொடர் முடிந்து அவர் வீடு திரும்பிய மாலை, காரை நிறுத்தினேன். முன்னே, பின்னே, மறுபடி முன்னே. வரப்போகும் 'அய்யய்யோ'வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

சிக்ஸர் முழக்கம். தெருவே நிமிர்ந்து பார்த்தது. பால்கனியில் அவரும், முகக்கவசத்தோடு, குணமாகிவிட்ட என் மகளும்.

கார் கோணலாகத்தான் நின்றது. அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.