சோனுவுக்கு மூன்று பாஷை

"எலே சோனு, உக்காருலே!"

சோனு வாலை ஆட்டியபடி நின்றுகொண்டே ராஜதாஸின் முகத்தைப் பார்த்தது.

எல்லையோரக் காரோடு ஊரில் தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் ஜீப்பில் மைக் பிடிப்பவர் ராஜதாஸ். தமிழும் மலையாளமும் மாறி மாறி முழங்கும் அந்தக் குரலை வீட்டு நாய் மதிக்கவில்லை.

"கேட்டியளா, கூப்பிட்டா வராத நாய் நமக்கு எதுக்கு? ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலு வித்த படிக்கல்லன்னா அம்பூரியில அக்கா வீட்டுக்கு அனுப்பீருவேனாக்கும்" என்றாள் மனைவி ஜிஜா.

ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் ராஜதாஸ்.

மலையாளத்துக்கு மாறினார். "இரியடா!"

அசையவில்லை.

"சிட் டவுன்!"

மதிலுக்கு அப்பால் அம்மிணி வீட்டுக் கோழிகள்தான் சிதறி ஓடின.

கடைசியில் முட்டி வலியோடு தானே தரையில் உட்கார்ந்து, "சிட் டவுன்" என்றார். சோனுவும் உட்கார்ந்தது!

கையை நீட்டி, "ஷேக் ஹேண்ட்" என்றார். அது காலை நீட்டியது. தரையில் உருண்டபடி, "ரோல்" என்றார், அதுவும் உருண்டது.

"ஜிஜா, இதுக்கு இங்கிலீஷாக்கும் ஏறுது!"

"அதுக்கு நீங்க எதுக்கு உருளுதியோ?"

"வாத்தியாரு செய்து காட்டண்டாமா?"

சனிக்கிழமை சாயங்காலம், செத்துக் கிடக்கும் வித்தை. ராஜதாஸ் வாயைப் பிளந்து முற்றத்தில் சாய்ந்தார். பக்கத்தில் சோனுவும் சாய்ந்து கண்ணை மூடியது.

துணி எடுக்க வந்த அம்மிணி எட்டிப் பார்த்தாள். "ஐயோ! ராஜதாஸண்ணனும் நாயும் செத்துக் கெடக்கே!"

தெருவே திரண்டது. ஜிஜா மார்பில் அடித்துக்கொண்டாள். எழுந்தால் பாடம் கெட்டுவிடும் என்று ராஜதாஸ் மூச்சை அடக்கினார். யாரோ ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்ததும் துள்ளி எழுந்தார்.

"சத்தம் போடாதுங்க! அது இன்னும் செத்துக் கெடக்கு, பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். அத்தனை கூக்குரலிலும் சோனு கண் திறக்கவில்லை. காது மடல்கூட ஆடவில்லை. ராஜதாஸ் குனிந்து தொட்ட பிறகே எழுந்து, அவர் முகத்தைப் பார்த்தது.

ஜிஜா கண்ணைத் துடைத்தாள். "இது எங்கயும் போவாண்டாம்."

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜெனில் மட்டும் சத்தமில்லாமல் சோனுவின் பின்னால் போனான். காலிக் குடத்தில் கரண்டியால் ஓங்கி அடித்தான். கூட்டமே அதிர்ந்தது. சோனு திரும்பவில்லை.

"மாமா, நீங்க மூணு பாஷையில சொன்னது ஒண்ணும் இதுக்குக் கேக்கல்ல, பொறப்பிலேயே காது கேக்காத நாயாக்கும்."