தானாக முன்வந்து தூங்கும் பெட்டி

ஹேசல்டன், பென்சில்வேனியா
புனித வாரச் செவ்வாய்

அன்புள்ள மருமகன் டெரிக்குக்கு,

அத்தை பெர்னடின் எழுதுவது. நானும் உன் மாமா ஏமிலும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் நீ தும்மினால்கூட உன் அம்மா அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுவதால், விசாரித்ததாகவே வைத்துக்கொள். தவக்காலத்துக்காக உன் மாமா சாக்லேட்டை விட்டிருக்கிறார், நான் வாய்ச்சண்டையை விட்டிருக்கிறேன். அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், காளான் சூப் ஆறிக்கொண்டிருக்க, நீ பெருமையாக ஒரு விஷயம் சொன்னாய். கேபிள் டிவிப் பெட்டிகள் அணைத்த பிறகும் ராப்பகலாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்ததாகவும், வாஷிங்டனில் நீ வேலை பார்க்கும் கேபிள் சங்கத்துக் கம்பெனிகள் எல்லாம் கூடி, இனிமேல் குறைவாகக் குடிக்கும் பெட்டிகளையே வீடுகளுக்குக் கொடுப்பது என்று கையெழுத்துப் போட்டதாகவும், அந்தத் தாளைத் தயாரித்ததே நீதான் என்றும் சொன்னாய். "யாரும் எங்களக் கட்டாயப்படுத்தல அத்தை, நாங்களா முன்வந்து செஞ்சோம்" என்றாய். உன் மாமா கரண்டியை வைத்துவிட்டு, "யாருமே மிரட்டலையாடா?" என்று கேட்டார். நீ கொஞ்சம் யோசித்து, "சட்டம் கொண்டுவரலாமான்னு கவர்மென்ட்ல ஒரு பேச்சு இருந்துச்சு மாமா" என்றாய். "அப்பச் சரி" என்று அவர் சூப்பைக் குடித்தார். அன்றைக்கு நானும் உன்னைப் பாராட்டினேன். அந்தப் பாராட்டை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் கேபிள் கம்பெனியிலிருந்து ஒரு தாடிக்காரர் வந்து பழைய பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு புதியது ஒன்றை வைத்தார். "இது ரொம்ப நல்ல பொட்டிம்மா. நீங்க நாலு மணி நேரம் தொடலேன்னா தானா தூங்கிரும்" என்றார். "நான் கேட்டேனா?" என்றேன். "யாரும் கேக்கலம்மா. அவங்களாத்தான் குடுக்கறாங்க" என்றார். பழைய பெட்டியை அவர் இடுக்கிக்கொண்டு போனபோது நான் வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். உன் மாமா தாடிக்காரரின் வண்டியைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். உலகத்தில் அவருக்கு மட்டும்தான் காரணம் தெரியும். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

புனித வாரத்துப் புதன்கிழமை நாங்கள் ஏழு பெண்கள் அவரவர் வீட்டில் ஈஸ்ட் போட்டு மாவைப் பொங்க வைத்து, ஆளுக்கொரு சட்டி கோவில் அடுப்படிக்குக் கொண்டுபோவோம். எது அதிகம் பொங்கியிருக்கிறதோ அதில்தான் ஈஸ்டருக்கான பெரிய பாஸ்கா ரொட்டி. சனிக்கிழமை ஃபாதர் ஈஸ்டர் சாப்பாட்டுக் கூடைகளை மந்திரிக்கும்போது முன்னால் இருப்பது அதுதான். யாருடைய மாவோ அவளே அந்த வருடம் அடுப்படிக்குத் தலைவி. ஒன்பது வருடமாக நான். "பெர்னடினுக்குக் கைராசி" என்று ஃபாதரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். டெரிக், என் கையில் ஒரு ராசியும் இல்லை. அணைத்தாலும் ஆறாத அந்தப் பெட்டியின் தலையில் சட்டியை வைத்துத் துண்டைப் போர்த்திவிடுவேன். மூன்று மணி நேரத்தில் மாவு விளிம்பைத் தாண்டிவிடும். துண்டு பெட்டியின் கண்ணை மறைப்பதால் ரிமோட் வேலை செய்யாது; அதுவரை எந்தச் சேனல் இருக்கிறதோ அதையே உன் மாமா பார்ப்பார். கல்யாண உடை வாங்குகிற பெண்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நீயே கேட்டுப் பார்.

புதுப் பெட்டி விழித்திருந்தால் வெதுவெதுப்பு, தூங்கினால் ஐஸ். மூன்று வாரமாக ஒத்திகை பார்க்கிறேன். முதல் சட்டியை ஐந்து மணி நேரம் வைத்தேன், போனபடியே திரும்பி வந்தது. இரண்டாவது தடவை, நாள் முழுக்கப் பெட்டி தூங்காமலிருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கும் வேலையை உன் மாமாவிடம் கொடுத்தேன். அவர் பெட்டிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். பெட்டி அவரைப் பார்த்துத் தூங்கியது, மாவு எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவது தடவை மின்சாரக் கம்பளியைச் சுற்றிக் கட்டிலில் வைத்தேன். பொங்கியது, நன்றாகப் பொங்கியது, சட்டியைவிட்டு இறங்கிப் படுக்கைக்கே வந்துவிட்டது. "ஏண்டி, எனக்கு முன்னாடி யாருடி இங்க படுத்திருக்கா?" என்று உன் மாமா அலறினார். உன் பெட்டி மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்தக் கம்பளி ஒரே மதியத்தில் தின்றிருக்கும். அதையும் உங்கள் அறிக்கையில் எழுது.

நாளை புதன். சட்டியில் இருப்பது மாவு இல்லை, களிமண். எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான எதிர்வீட்டு ரெஜினா துணியை நீக்கிப் பார்த்து, "என்ன பெர்னடின், கை ஓஞ்சு போச்சா?" என்று கேட்பாள். ஒன்பது வருடமாக அந்த ஒரு வரியை அவள் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, டெரிக். ரொட்டி போனதற்கு இல்லை. பாராட்டியபோதெல்லாம் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேனே, அதற்கு. ஆகையால் அவள் துணியைத் தொடுவதற்கு முன்னால், எல்லார் நடுவிலும் நானே உண்மையைச் சொல்லித் தலைமையை விட்டுவிடப் போகிறேன். சட்டம் வருவதற்குள் முந்திக்கொள்வது நல்லது என்று உங்கள் சங்கம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறதே. உன்மேல் கோபமில்லை. பழைய பெட்டியும் வேண்டாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும் குறைந்த மின்செலவையும் அருளட்டும். மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். தூங்குவதற்கு முன் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அத்தை பெர்னடின்

பி.கு.: புதன், சாயங்காலம். மேலே உள்ளதில் ஒரு வரிகூட நீ படிக்கவில்லை, தெரிந்ததா? கோவிலுக்குப் போனேன், சொல்ல வாயையும் திறந்தேன். அதற்குள் ரெஜினா எல்லாத் துணிகளையும் நீக்கிவிட்டாள். ஏழு சட்டி, ஏழும் தட்டை. அவளுடையது என்னுடையதைவிடக் கேவலம். எங்களில் இன்னொருத்தி ஐரீன், "எங்க வீட்ல அந்தப் பொட்டிய மாத்துன நாள்லேர்ந்தே..." என்று ஆரம்பித்து, சட்டென்று இருமினாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஈஸ்ட் சரியில்ல" என்றாள் ரெஜினா. "ஈஸ்ட்டேதான்" என்றோம் ஆறு பேரும். உடனே உட்கார்ந்து ஈஸ்ட் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு புகார் எழுதினோம். தலைவி என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. புது ஈஸ்ட் வாங்கி, சனிக்கிழமை காலை மறுபடியும் கொண்டுவருவதாக முடிவு. பழைய பெட்டி ஒன்று உன் அலுவலகத்தில் எங்காவது கிடக்கும். இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்; வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் நீயே காரில் கொண்டுவா, பின்வாசல் வழியாக. சீக்கிரம் கிளம்பு. எதிர்வீட்டு ஜன்னலில் தெரிகிறது, ரெஜினாவும் உட்கார்ந்து யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.